குருதி வகை ஒன்றாயிருந்தும் தங்கையின் குருத்தணுக்கள் ஏன் பாதிதான் பொருந்துகின்றன?

குருதி வகை ஒன்றாக இருப்பது குருத்தணுப் (குருதிக் கலங்களை உருவாக்கும் மூலக் கலங்களின்) பொருத்தத்தைத் தீர்மானிப்பதில்லை. ஆகவே, குருத்தணு மாற்றீடு தேவைப்படும் உங்கள் அண்ணாவுக்குத் தங்கை பாதிப் பொருத்தம் என்று வைத்தியர் கூறியதில் முரண்பாடு எதுவும் இல்லை. குருதி வகைக்குரிய மரபணு 9ஆம் நிறமூர்த்தத்திலும், தன் கலத்தையும் அந்நியக் கலத்தையும் பிரித்தறிய உடலுக்கு உதவும் எச்.எல்.ஏ. மரபணுக்கள் 6ஆம் நிறமூர்த்தத்திலும் இருப்பதால், அவை தனித்தனியாகவே பிள்ளைகளுக்குக் கடத்தப்படுகின்றன.

ஒவ்வொருவரிடமும் உள்ள இரண்டு எச்.எல்.ஏ. தொகுதிகளில் ஒன்று தாயிடமிருந்தும் மற்றையது தந்தையிடமிருந்தும் வருகின்றன. பாதிப் பொருத்தம் என்பதால், அண்ணாவும் தங்கையும் பெரும்பாலும் ஒரு தொகுதியை மட்டுமே பொதுவாகப் பெற்றிருப்பார்கள். உடன்பிறந்தவர்களிடையே இதற்கான வாய்ப்பு 50 சதவீதம், முழுப் பொருத்தத்துக்கோ 25 சதவீதமே. ஏனைய சகோதரர்கள் இருந்தால் அவர்களையும் பரிசோதிப்பது அவசியம்.

அறிக்கையில் ஏ, பி, சி, டிஆர்பி1, டிகியூபி1 ஆகிய ஐந்து எச்.எல்.ஏ. மரபணுக்களில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதிகள் வீதம், 10க்கு எத்தனை பொருந்துகின்றன என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக, தங்கையின் எச்.எல்.ஏ.வுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் அண்ணாவின் குருதியில் உள்ளனவா என்று வைத்தியரிடம் கேளுங்கள்; பலமுறை குருதி ஏற்றப்பட்டவர்களிடம் இவை உருவாகக்கூடும், உருவானால் குருத்தணுக்கள் நிராகரிக்கப்படும் அபாயம் கூடும்.

10க்கு 10 பொருந்தினாலும் சிறு புரத வேறுபாடுகளால் சிக்கல் எழலாம். மறுபுறம், மாற்றீட்டுக்குப் பின் சைக்ளோபாஸ்பமைட் என்னும், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கொடுக்கும் முறையால் பாதிப் பொருத்தத்துடனும் இன்று சிகிச்சை செய்யப்படுகிறது. அண்ணாவுக்கு அது ஏற்றதா என்பதை அவருடைய வைத்தியரே கூற முடியும்.