அந்த 247 அடி

அன்புள்ள ஆசிரியருக்கு,

2021 டிஸ்க் கோல்ஃப் (தட்டை வீசிச் சங்கிலிக் கூடைக்குள் போடும் ஆட்டம்) பருவத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு யூடியூபில் தேடிப் பார்த்தேன். எங்கே போனாலும் ஜேம்ஸ் கான்ராட் 247 அடியிலிருந்து கூடைக்குள் போட்ட அந்த ஒரு வீச்சுதான் வருகிறது. மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகத்தான் தெரிந்தது. நூறு தடவை வீசினால் ஒரு தடவை விழும், அது அன்றைக்கு விழுந்துவிட்டது. அதற்காக ஒருவரை உலக சாம்பியன் என்று கொண்டாடுவது தோற்றவருக்கு அநியாயம் இல்லையா? அதை விட்டால் அந்த வருஷத்தில் பார்க்க என்னதான் இருக்கிறது?

எம்.

அன்புள்ள எம்.,

நூற்றில் ஒன்று என்பது தாராளக் கணக்கு. 247 அடி தூரத்திலிருந்து, இரண்டு அடிகூட அகலம் இல்லாத சங்கிலிக் கொத்தில் ஒரு தட்டைக் கொண்டுபோய் அடித்து, அது கீழே இருக்கும் கூடையிலேயே தங்கவும் வேண்டும் என்றால் அதில் அதிர்ஷ்டம் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஆனால் அதிர்ஷ்டம் எந்த இடத்தில் உள்ளே வருகிறது, எந்த இடத்தில் வரவில்லை என்பதைப் பிரித்துப் பார்க்கலாம்.

இந்தத் துணுக்கை மட்டும் பார்க்கிறவர்களுக்காக நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். உலக சாம்பியன்ஷிப், 2021 ஜூன், அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் ஆக்டன். ஐந்து சுற்று, மொத்தம் 90 ஹோல் (ஒரு கூடைக்கு ஒரு ஹோல்), குறைந்த வீச்சில் முடிப்பவருக்குப் பட்டம். கடைசி ஹோலில் கான்ராட் ஒரே ஒரு வீச்சு பின்னால். முன்னால் இருப்பவர் பால் மெக்பெத், அப்போதே ஐந்து உலகப் பட்டம் கையில் வைத்திருந்தவர், அந்த பிப்ரவரியில்தான் தட்டு தயாரிக்கும் டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தோடு பத்து வருஷத்துக்கு ஒரு கோடி டாலர் ஒப்பந்தம் போட்டிருந்தார். இருவரும் அந்த ஹோலில் பார் (அதற்கு வகுத்த வீச்சு எண்ணிக்கை) எடுத்தாலே போதும், ஆட்டம் முடிந்தது.

சாதாரணமாக அந்தத் தூரத்திலிருந்து யாரும் கூடைக்குள் போடப் பார்ப்பதில்லை. கூடையைச் சுற்றி பத்து மீட்டர் வட்டத்துக்குள் தட்டை இறக்கிவிட்டால் அடுத்த வீச்சில் முடித்துவிடலாம், அதுதான் புத்திசாலித்தனம். கூடையை நேராகக் குறிவைத்து, தவறினால், தட்டு தாண்டிப் போய் திரும்பி வர இன்னொரு நீளமான பட் (கூடைக்குள் போடுகிற முடிவு வீச்சு) மிச்சமிருக்கும். கான்ராடுக்கு அன்றைக்கு அந்தக் கணக்கே தேவைப்படவில்லை. கிட்டே இறக்கினாலும் தோல்வி, தாண்டிப் போனாலும் தோல்வி. அப்படி ஒரு நிலையில் எதை எடுப்பது, எவ்வளவு வேகத்தில் விடுவது என்பதெல்லாம் அதிர்ஷ்டத்தில் சேராது. அவர் எடுத்தது ஆக்சியத்தின் என்வி, பட் போடுவதற்கான பட்டர் வகைத் தட்டு. தூரம் வீசுவதற்கான வேகமான டிரைவர் தட்டு சங்கிலியில் பட்டால் ஊடுருவிப் போகும், இல்லையென்றால் தெறித்து வெளியே விழும். பட்டர் மெதுவாக வரும், சங்கிலி அதை வாங்கிக்கொள்ளும். அந்த வருஷத் தொடக்கத்தில்தான் கான்ராட் ஆக்சியம் தட்டுகளை விற்கும் எம்விபி நிறுவனத்தின் அணிக்கு மாறியிருந்தார், பையில் இருந்த தட்டுகளே அவருக்குப் புதுசு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளும் திடீரென்று முளைத்தவர் இல்லை. 2019இல் ராக் ஹில்லில் அமெரிக்க சாம்பியன்ஷிப்பை வென்றவர்.

சரி, நீங்கள் பார்த்த துணுக்கு எங்கே முடிகிறது? கூட்டம் கத்துகிற இடத்தில். எனக்கு எரிச்சல் வருவதும் அங்கேதான், ஏனென்றால் அந்த நொடியில் கான்ராட் எதையும் வென்றிருக்கவில்லை, சமன்தான் செய்திருந்தார். இனி பிளே-ஆஃப், சமனை முறிக்கும் கூடுதல் ஹோல். உடம்பெல்லாம் பதறிக்கொண்டிருக்கும்போது, இவ்வளவு பெரிய சத்தம் அடங்கி, மறுபடி ஒரு டீயில் (ஹோலின் முதல் வீச்சு வீசும் இடம்) போய் நின்று, எதிரே உலகத்திலேயே பிளே-ஆஃப்பில் யாரும் சந்திக்க விரும்பாத ஆளை வைத்துக்கொண்டு ஒழுங்காக வீச வேண்டும். அந்த முதல் ஹோலிலேயே கான்ராட் முடித்தார். பட்டம் அங்கே கிடைத்தது. 247 அடி அவருக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். அந்த பிளே-ஆஃப்பைத்தான் யாரும் துணுக்காக வெட்டிப் போடுவதில்லை.

தோற்றவருக்கு அநியாயம் என்கிறீர்கள். மெக்பெத் அந்த ஹோலில் பெரிதாக எந்தத் தப்பும் செய்யவில்லை, செய்ய வேண்டியதைச் செய்தார், பார் எடுத்தார், அது போதவில்லை. விளையாட்டில் அப்படியும் நடக்கும். நான் அந்த வீடியோவை இப்போதெல்லாம் பார்க்கும்போது கான்ராடை விட்டுவிட்டு மெக்பெத்தைத்தான் பார்க்கிறேன். அடுத்த வருஷம் கன்சாஸின் எம்போரியாவில் உலகப் போட்டி மறுபடி பிளே-ஆஃப் வரை போனது, இந்தத் தடவை மெக்பெத் ஆரன் காசேஜை வென்று ஆறாவது பட்டத்தை எடுத்தார். அநியாயம் என்று உட்கார்ந்து அழுதிருந்தால் அது நடந்திருக்குமா, தெரியாது. (ஒரு கோடி டாலர் ஒப்பந்தக்காரருக்காக நாம் இவ்வளவு கவலைப்பட வேண்டுமா என்பது வேறு விஷயம்.)

உண்மையான அநியாயம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. அதே வாரம், அதே ஆக்டனில், பெண்கள் பிரிவில் கத்ரீனா ஆலன் பட்டம் வென்றார். அவருடைய முதல் பட்டம் 2014இல் வந்தது. நடுவில் பேஜ் பியர்ஸ் 2015, 2017, 2019 என்று ஒன்றுவிட்டு ஒரு வருஷம் எடுத்துக்கொண்டே போனார். ஏழு வருஷம் கழித்துத் திரும்பி வருவது என்ன லேசா? ஆனால் 2021 ஆக்டன் என்று தேடினால் வருவது அந்த ஒரு வீச்சுதான். அப்புறம் அக்டோபரில் சார்லட்டில், ஹார்னெட்ஸ் நெஸ்ட் மைதானத்தில், பருவத்தை முடித்துவைக்கும் டூர் சாம்பியன்ஷிப். பெரிய பெயர்கள் எல்லாம் இருக்க, யாரும் பெரிதாக எதிர்பார்க்காத நேதன் க்வீன் ஜெயித்தார். மற்ற வருஷமாக இருந்தால் பருவம் முழுக்க அதைத்தான் பேசியிருப்பார்கள்.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு வருகிறேன். பட் பாருங்கள். பத்து மீட்டர் வட்டத்துக்குள் ஒரு விதி உண்டு: தட்டை விட்ட பிறகு முன்னால் தடுமாறிப் போகக் கூடாது, கால் ஊன்றி நிலைத்து நின்று காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். அதனால் உடம்பு வேகத்தை முழுசாகக் கொடுக்க முடியாது, மணிக்கட்டிலும் விரலிலும்தான் வேலை. அதில் காற்று வேறு. எதிர்க்காற்றில் தட்டு மேலே எழும்பும், பின்காற்றில் அழுந்திக் கீழே போகும், இரண்டுமே ஏழெட்டு மீட்டர் தூரத்திலேயே வேலையைக் காட்டிவிடும். புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்த்துவிட்டு, குறியைச் சங்கிலியின் கீழ்ப் பக்கமாக அரை அடி மாற்றிக்கொள்கிற ஆட்டக்காரர்களைக் கவனியுங்கள். பட்டங்கள் பெரும்பாலும் அங்கேதான் கை மாறுகின்றன. துணுக்கு வீடியோவில் அது வராது, பார்ப்பதற்குச் சப்பென்று இருக்கும்.

ஆக்டன் கடைசிச் சுற்றை ஜோமெஸ் என்ற யூடியூப் சேனலின் வீடியோவில் முதல் ஹோலிலிருந்து போடுங்கள், 18க்குத் தாவாமல். பிளே-ஆஃப் முடிகிற வரை அணைக்க வேண்டாம். அதைப் பார்த்த பிறகும் பனம்பழம்தான் என்று தோன்றினால் எழுதுங்கள், சண்டை போடலாம்.