சிறுமலரின் எரிச்சல்

அன்புள்ள ஐயா,

சிறுமலர் என்கிற புனித தெரேசம்மாளின் திருவிழா பூசையில் எங்கள் பங்குச் சாமியார், அவரைப் போல எல்லாப் பணிவிடையையும் சிரித்த முகத்தோடு செய்யுங்கள் என்றார். என் மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். கஞ்சி சுடுகிறது, கஞ்சி ஆறிவிட்டது, எல்லாவற்றுக்கும் குறை. எரிச்சல் வருகிறது. சாமியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் அதையே சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. 24 வயதில் மடத்துக்குள் இறந்துபோன பிரெஞ்சுப் பெண் எனக்கு எப்படி முன்மாதிரி? பெண்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கத்தானே இப்படிப்பட்ட புனிதர்களைக் காட்டுகிறார்கள்? அவருடைய தன்வரலாற்றில் எந்தப் பதிப்பை வாங்கலாம்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

வாய் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1887 நவம்பரில் ரோமில், பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் முன்னால் யாரும் பேசக்கூடாது என்று சொல்லித்தான் வரிசையில் விட்டார்கள். 14 வயது தெரேஸ் பேசினார். 15 வயதில் கார்மேல் கன்னியர் மடத்தில் சேர அனுமதி கேட்டார். எழுந்து போக மனமில்லாமல் அங்கேயே இருந்தவரைக் காவலர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். இவரைக் காட்டி உங்கள் வாயை யாராவது அடைத்தால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

எனக்குக் கோபம் அந்தச் சிரிப்புப் படத்தின் மேல். தெரேசின் அக்கா செலின் 1894இல் அதே மடத்தில், பிரான்சின் லிசியூ ஊரில், சேர்ந்தபோது கேமராவும் கூடவே வந்தது. அதில் எடுத்த படங்களில் இருக்கும் தெரேஸ் அழுத்தமான, பிடிவாதக்காரப் பெண். அவர் இறந்த பிறகு அந்த முகத்தை மெருகேற்றி மெருகேற்றிப் பொம்மையாக்கினார்கள். மூலப் படங்கள் 1961இல்தான் வெளியே வந்தன. எழுத்துக்கும் அதே கதி. இன்னொரு அக்கா பொலின் திருத்திய பிரதிதான் 1898 முதல் உலகம் சுற்றியது. திருத்தாதது வர 1956 ஆனது. நீங்கள் வாங்கும் பதிப்பு அந்த 1956 பிரதியின் மொழிபெயர்ப்பா என்று முன்னுரையில் பாருங்கள். அது போதும்.

அதில் சகோதரி செயின்ட் பியேர் என்ற நோயாளிக் கிழவி வருகிறார். மாலையில் அவரை ஜெபக்கூடத்திலிருந்து சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும். அவரைத் திருப்திப்படுத்துவது லேசில்லை என்று தெரிந்தே தெரேஸ் முன்வந்தார். முக்காலியை இப்படித்தான் எடுக்க வேண்டும், இடுப்புக் கச்சையைப் பின்னாலிருந்து இப்படித்தான் பிடிக்க வேண்டும். கொஞ்சம் வேகமாக நடந்தால் விழுந்துவிடுவேன் என்பார். மெதுவாக நடந்தால் கையை விட்டுவிட்டாய் என்பார். சின்னப் பெண்ணை நம்பியது தப்பு என்ற புலம்பல் வேறு. உட்காரவைத்து, அங்கியின் கையை மடித்துவிட்டு, அவரால் ரொட்டி வெட்ட முடியவில்லை என்று கவனித்து அதையும் வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் அந்தச் சிரிப்பு. அடுப்பில் வெந்து வந்த சிரிப்பு அது. உங்கள் சாமியார் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு வந்திருக்கிறார்.

சிரிக்க முடியாதபோது என்ன செய்தார் தெரியுமா? ஓடிவிட்டார். உருவகமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஓட்டம். பிடிக்காத ஒரு சகோதரியிடம் வாய் மிஞ்சிவிடும் என்று தோன்றினால், படையை விட்டு ஓடும் சிப்பாய் போல ஓடினேன் என்று அவரே எழுதுகிறார். ஒருமுறை சாவி கொடுக்கப்போன இடத்தில் வேறொருவர் அநியாயமாகக் குற்றம் சாட்ட, பதில் சொல்லாமல் ஓடிவந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டது. வேதபாரகர், அதாவது திருச்சபைக்கே ஆசிரியர், என்று 1997இல் திருச்சபை பட்டம் கொடுத்தது இந்தப் பெண்ணுக்குத்தான். நீங்கள் எரிச்சல் வந்ததற்கே பாவசங்கீர்த்தனக் கூண்டில் போய் நிற்கிறீர்கள்!

என் பெரியம்மா எங்கள் ஆச்சியைப் பார்த்துக்கொண்டார். நடுநடுவே கொல்லைப்புறம் போய்விடுவார். ஜெபிக்கப் போகிறார் என்றுதான் பிள்ளைகள் நாங்கள் நினைத்தோம். ஒருநாள் பின்னால் போய்ப் பார்த்தால், துவைகல் பக்கத்தில் நின்று ஆச்சியைத் திட்டிக்கொண்டிருந்தார். காதுகொடுத்துக் கேட்க முடியாத வார்த்தைகள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, ஆச்சிக்கு வெற்றிலை இடித்துக் கொடுத்தார். தெரேசின் ஒரு வரிகூடப் படித்தவரில்லை.

 

கடைசியாக ஒன்று. லிசியூவில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஒரு மடமே இருந்தது. உங்கள் கடிதத்தில் மாமியார் இருக்கிறார், சாமியார் இருக்கிறார், புனிதர் இருக்கிறார். அந்த அம்மா பெற்ற மகன் எங்கே? இன்று ராத்திரிக் கஞ்சியை அவர் கையில் கொடுங்கள். சூடு சரியா என்று அவரே கேட்டுக்கொள்ளட்டும்.