அம்மாவுக்கு ஆபரேஷன் செய்தவர் யார்?

அன்புள்ள அக்கா,

என் அம்மாவுக்கு 76 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள்தான் ஆபரேஷன் நடந்தது. செய்தவர் ரெஜிஸ்ட்ரார், இன்னும் பயிற்சியில் இருப்பவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. எங்களிடம் மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இல்லை. ஏழைகள்தானே என்று கற்றுக்கொள்கிறவர் கையில் விட்டுவிட்டார்களா? நீங்கள் ஆர்த்தோ தியேட்டரில் நர்ஸாக இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

கே., சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள கே.,

அம்மா எழுந்து நடக்கிறார்களா? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே.

உங்கள் சந்தேகத்தை நான் தள்ளிவிட மாட்டேன். நிறம் பார்த்து ஆஸ்பத்திரி பிரித்திருந்த காலத்தைக் கண்ட குடும்பங்கள் நாம். ஆனால் ரெஜிஸ்ட்ரார் விஷயத்தில் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

அவர் படிப்பை முடித்த டாக்டர். நம் நாட்டில் பெரும்பாலும் 6 வருடம் மருத்துவப் படிப்பு, 2 வருடம் இன்டர்ன், 1 வருடம் கட்டாயச் சமூக சேவை. இவ்வளவும் முடிந்த பிறகுதான் ரெஜிஸ்ட்ரார் இடத்துக்கே விண்ணப்பிக்கலாம். அந்த இடம் கிடைக்கப் பலர் மெடிக்கல் ஆபீசராகவே சில வருடம் எலும்பு வார்டில் காத்திருப்பார்கள். கிடைத்த பிறகும் குறைந்தது 4 வருடப் பயிற்சி, ஓர் ஆய்வுக் கட்டுரை, மருத்துவக் கல்லூரிகள் அமைப்பின் இறுதித் தேர்வு. பிரைவேட்டில் உட்கார்ந்திருக்கும் எலும்பு நிபுணரும் அரசு வார்டுகளில் இப்படிப் பழகி வந்தவர்தான்.

தியேட்டரில் நடப்பதைச் சொல்கிறேன். இடுப்பு முறிவு என்பது தொடை எலும்பின் மேல்முனை முறிவதுதான். அதன் கழுத்துக்குக் கீழே முறிந்திருந்தால் பெரும்பாலும் ஒரு பெரிய திருகு போடுவார்கள். அதற்கு முன் மெல்லிய கம்பி ஒன்றை எலும்பின் தலைக்குள் செலுத்துவார் ரெஜிஸ்ட்ரார். எக்ஸ்ரே திரையில் முன்னிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். திருகின் நுனிக்கும் தலையின் உச்சிக்கும் இடையே உள்ள தூரத்தை இரண்டு படத்திலும் அளந்து கூட்டினால் 25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மீறினால் பிற்பாடு திருகு எலும்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் ஆபத்து அதிகம். கம்பி சற்று மேலே போயிருந்தால் எதிரே நிற்கும் சீனியர், "எடுத்துவிட்டு மறுபடி போடு" என்பார். எடுத்து மறுபடி போடுவார்கள். சரியாக உட்காரும்வரை யாரும் திருகைத் தொடுவதில்லை. கன்சல்டன்ட், அதாவது பொறுப்பில் இருக்கும் நிபுணர், எல்லா ஆபரேஷனிலும் பக்கத்தில் நிற்பார் என்று சொல்ல மாட்டேன். பழகிய ரெஜிஸ்ட்ராரிடம் விட்டுவிட்டு, கூப்பிட்டால் வருகிற தூரத்தில் இருப்பதும் உண்டு. பொறுப்பு அப்போதும் கன்சல்டன்டுடையதுதான்.

எனக்குக் கோபம் வருவது அந்த ஐந்து நாளைப் பற்றித்தான். இடுப்பு முறிந்த முதியவருக்கு 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்துவிட வேண்டும். படுக்கையிலேயே கிடந்தால் நிமோனியா, படுக்கைப் புண், காலில் ரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாக வரும். துப்பாக்கிக் காயமும் டாக்சி விபத்தும் ராத்திரி பூராவும் வந்து தியேட்டரைப் பிடித்துக்கொள்ளும்போது பாட்டிமார்தான் பட்டியலில் கீழே தள்ளப்படுகிறார்கள். போதுமான தியேட்டரும் ஆளும் கொடுக்காததால் வரும் கொடுமை இது. புகார் எழுதுவதென்றால் இதற்கு எழுதுங்கள்.

இன்னொரு குறையும் உண்டு. யார் செய்வார், என்ன செய்வார், என்ன ஆபத்து என்று உங்களிடம் முன்பே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். முடிந்தவரை நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டமே சொல்கிறது. அம்மாவுக்குத் தமிழ்தான் வசதி என்றால் வார்டில் தமிழ் தெரிந்த நர்ஸ் யாராவது இருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மருந்து தொடங்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். முறிவைச் சரிசெய்து அனுப்பிவிட்டு இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இதே அம்மா மறுபடி விழுந்தால் அடுத்த இடுப்பும் போகும். குளியலறையில் ஒரு கைப்பிடியும் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.