தேரி மண்ணில் லோங்கேவாலா வராது

அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் நாலு பேர் சேர்ந்து செய்கிற 1971 லோங்கேவாலா காட்சியில் (இந்திய–பாகிஸ்தான் போரில் ராஜஸ்தான் பாலைவனத்தில் நடந்த டாங்கிச் சண்டையின் சின்ன மாதிரி) தரை வெடித்துவிட்டது, மணலும் பாலைவனம் மாதிரி இல்லை என்று கேட்டிருந்தீர்கள். டாங்கிகள் அருமை. மண்தான் பிரச்சினை.

திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண், அதாவது மணல்மேட்டு மண், செக்கச்செவேல் என்று இருக்கும். லோங்கேவாலா இருக்கும் தார் பாலைவன மணல் வெளுத்த மஞ்சள். அதைவிடப் பெரிய விஷயம் பருமன். நிஜத்தை 35 மடங்கு சிறிதாக்கும் 1/35 அளவில் அரை மில்லிமீட்டர் துகள், 17.5 மில்லிமீட்டர் ஜல்லியாகத் தெரியும். தாமிரபரணிக் கரை வண்டலைக் காயவைத்து, இடித்து, பழைய வேட்டித் துணியில் சலியுங்கள். முகப்பவுடர் மாதிரி விழுவதை மட்டும் எடுங்கள். நிறத்தை அப்புறம் அக்ரிலிக் பெயிண்டில் கொண்டுவரலாம்.

ஒரே தடவையில் கனமாகப் பூசினால் தண்ணீர் வற்றும்போது சுருங்கி வெடிக்கத்தான் செய்யும். மேடுபள்ளத்தைத் தெர்மாகோலில் செதுக்கிவிட்டு, ஃபெவிகால் கலந்த மண்ணை 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பூசுங்கள். ஐப்பசி ஈரத்தில் ஒவ்வொரு பூச்சும் காய இரண்டு நாள் விடுங்கள்.

சரி, நாலு டாங்கியிலும் தூசி நாலு நிறமாக இருக்கிறதே? அந்த வேலையை ஒருவரிடமே கொடுங்கள். தரைக்குக் கலந்த அதே நிறத்தை நீர்க்கவைத்து சக்கரத்திலும் அதைச் சுற்றி ஓடும் டிராக் பட்டையிலும் தெளித்தால்தான் வண்டி அந்த மணலில் ஓடிவந்தது போலிருக்கும்.