1.6 லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரில் டைமிங் பெல்ட்டை மாற்றாமல் ஓட்டலாமா?

கூடாது. தர்மபுரியில் நீங்கள் வாங்கிய பழைய டீசல் கார் சத்தமில்லாமல் ஓடுகிறது என்பதை நம்பாதீர்கள். இந்த பெல்ட் பெரும்பாலும் சொல்லாமல்கொள்ளாமல்தான் அறுகும். பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் ஷாஃப்ட்டையும், வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் கேம் ஷாஃப்ட்டையும் ஒன்றுக்கொன்று கணக்குத் தப்பாமல் சுற்ற வைப்பது அதுதான். அறுந்தால், டீசல் இன்ஜின்களில் பெரும்பாலும் திறந்து நிற்கும் வால்வில் பிஸ்டன் மோதும். வால்வு வளையும், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டையே கழற்ற வேண்டிவரும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும். சில மிதிகளுக்குப் பிறகு பிரேக் பெடலும் கல்லாகிவிடும். என் பயமே அதுதான்.

பல கார்களுக்கு பெல்ட்டை மாற்ற வேண்டிய கணக்கு 60,000 முதல் 1,00,000 கி.மீ.; மேனுவலில் ஆண்டுக் கணக்கும் இருக்கும், எது முந்துகிறதோ அது. மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றுங்கள். முதலில் உங்கள் இன்ஜினில் இருப்பது பெல்ட்டா செயினா என்று பாருங்கள், செயினுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது: பழைய 2.5 டீசல் இன்னோவாவில் பெல்ட், 1.3 டீசல் ஸ்விஃப்ட்டில் செயின்.