ஃபைனல் ஃபேன்டஸி: மூன்றா, ஆறா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த என் சூப்பர் நிண்டெண்டோ கேசட்டில் ‘ஃபைனல் ஃபேன்டஸி 3’ என்று அச்சிட்டிருக்கிறது. விற்பவர்கள் இதை 6 என்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டுமே சரி. ஃபைனல் ஃபேன்டஸி என்பது ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனத்தின் வீடியோ விளையாட்டுத் தொடர். ஜப்பானில் 1994 ஏப்ரலில் ஆறாம் பாகமாக வெளியான விளையாட்டுதான் உங்களிடம் இருப்பது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவுக்குப் போனபோது, அங்கே அதற்கு முன் இரண்டு பாகங்கள்தான் வந்திருந்தன. அதனால் மூன்று என்று எண்ணிட்டார்கள்.

முதல் பாகம் ஜப்பானில் 1987 டிசம்பரில் வந்தது. அமெரிக்கா போய்ச் சேர்ந்தது 1990-இல். அதற்குள் ஜப்பானில் மூன்றாம் பாகமே வெளியாகிவிட்டது. இரண்டாம் பாகத்தை ஸ்கொயர் நிறுவனம் ஆங்கிலத்தில் மாற்றத் தொடங்கியும், சூப்பர் நிண்டெண்டோ வந்துகொண்டிருந்ததால் பழைய இயந்திரத்துக்கான அந்த வேலையைக் கைவிட்டது. 1991-இல் நான்காம் பாகம் ‘2’ என்ற எண்ணோடு போனது. ஐந்தாம் பாகம் (1992) போகவே இல்லை. 1997-இல் ஏழாம் பாகம் தன் சொந்த எண்ணோடு உலகெங்கும் வந்தபோது, அமெரிக்கக் கடைகளில் மூன்றுக்கு அடுத்து ஏழு நின்றது. ஐரோப்பாவின் நிலை இன்னும் மோசம்: மூல வரிசையில் அங்கே முதலில் கிடைத்ததே ஏழாம் பாகம்தான்.

விடுபட்டவை பின்னால் வந்தன. 5 பிளேஸ்டேஷனில் 1999-இல், 2 அதே இயந்திரத்தில் 2003-இல், 3 நிண்டெண்டோ டிஎஸ்ஸில் 2006-இல். இந்த டிஎஸ் பதிப்பு முப்பரிமாணத்தில் புதிதாகச் செய்தது. பழைய விளையாட்டில் பெயரே இல்லாத நான்கு அநாதைச் சிறுவர்களுக்கு இதில் பெயரும் தனிக்கதையும் கொடுத்தார்கள். மூன்றாம் பாகத்தின் இருபரிமாண வடிவம் வெளிநாட்டினருக்கு முறைப்படி கிடைத்தது 2021-இல்தான்.

வாங்கும்போது ஒரு கவனம். பிளேஸ்டேஷனில் ‘ஃபைனல் ஃபேன்டஸி ஆன்தாலஜி’ என்ற ஒரே பெயரில் இரண்டு தொகுப்புகள் உண்டு. அமெரிக்கத் தொகுப்பில் 5, 6; ஐரோப்பியத் தொகுப்பில் 4, 5. உறையின் பின்பக்கத்தைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவின் ‘2’, அதாவது நான்காம் பாகம், மிக எளிது என்கிறார்களே. என்ன மாற்றினார்கள்?

பதில்: எதிரிகளின் வலிமையைக் குறைத்தார்கள். கண் மருந்து, நச்சு முறிவு என்று தனித்தனியாக இருந்த மருந்துகளை எடுத்துவிட்டு, ‘ஹீல்’ என்ற ஒரே மலிவான மருந்தில் எல்லாவற்றையும் அடக்கினார்கள். செசிலின் இருள் வாள்வீச்சு, ரோசாவின் பிரார்த்தனை, டெல்லாவின் நினைவுகூரல் ஆகிய, பாத்திரங்கள் போரில் பயன்படுத்தும் கட்டளைகள் காணாமல் போயின. ஆட்டத்தை உருவாக்கியவர்களைச் சந்திக்கும் ரகசிய அறையும் போயிற்று. மத அடையாளம், மரணம் பற்றிய சொற்களில் நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளை அப்போது கடுமையாக இருந்ததால் ‘ஹோலி’ (புனிதம்) மந்திரம் ‘வைட்’ (வெள்ளை) ஆனது. (ஆறாம் பாகத்தில் அதே மந்திரம் ‘பேர்ல்’.)

ஜப்பானிலேயே 1991 அக்டோபரில் ‘ஈசிடைப்’ என்ற எளிய பதிப்பு ஒன்று வந்தது. அமெரிக்கப் பதிப்பும் அதுவும் ஒன்றே என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு, ஈசிடைப் இன்னும் எளிது. மூல ஆட்டத்தின் கடினத்தையும் நீக்கிய கட்டளைகளையும் ஆங்கிலத்தில் பார்க்க வேண்டுமானால், பிளேஸ்டேஷனுக்கு 2001-இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி கிரானிக்கிள்ஸ்’ தொகுப்பு இருக்கிறது.

கேள்வி: ஆறாம் பாகத்தில் ‘எவேட்’ (அடியிலிருந்து தப்பும் திறன்) அளவை எவ்வளவு ஏற்றினாலும் அடி விழுந்துகொண்டே இருக்கிறதே?

பதில்: உங்கள் மேல் குறையில்லை. சூப்பர் நிண்டெண்டோ பதிப்பின் நிரலில் உள்ள பிழை அது. வாள் அடியானாலும் மந்திரமானாலும், தப்பிக்கும் கணக்குக்கு ‘எம்-பிளாக்’ (மந்திரத் தடுப்பு) அளவையே ஆட்டம் எடுத்துக்கொள்கிறது. எவேட் எதற்கும் பயன்படுவதில்லை. எனவே ஏஜிஸ் கேடயம் போல எம்-பிளாக் அதிகம் தருபவற்றை அணியுங்கள். அந்த அளவு 128-ஐ எட்டினால், தடுக்கக்கூடிய அடி எதுவும் உங்கள் மேல் விழாது. இதே போல, கண் தெரியாத நிலையும் உங்கள் குறியைக் கெடுப்பதில்லை. ஸ்ட்ரேகோ என்ற பாத்திரம் எதிரியின் வித்தையைப் பார்த்துக் கற்பதற்கு மட்டும்தான் கண் தேவை. கேம்பாய் அட்வான்ஸ் பதிப்பில் எவேட் பிழையைத் திருத்திவிட்டார்கள்.

கேள்வி: என் கேசட்டில் சேமித்த ஆட்டம் நிற்பதில்லை. பேட்டரிதான் காரணமா?

பதில்: பெரும்பாலும் ஆம், சேமிப்பைக் காப்பது கேசட்டுக்குள் இருக்கும் பேட்டரிதான். ஆனால் முதலில் ஒன்றைச் சொல்லுங்கள்: ஆறாம் பாகத்தில் ரெல்ம் என்ற பாத்திரத்தின் ‘ஸ்கெட்ச்’ கட்டளையைப் பயன்படுத்திய பிறகு திரை குழம்பி, மூன்று சேமிப்பும் ஒரேயடியாகப் போனதா? அப்படியானால் பேட்டரி நல்ல நிலையில்கூட இருக்கலாம். அமெரிக்காவின் முதல் அச்சில், ஸ்கெட்ச் சில வேளைகளில் தவறும்போது நினைவகத்தையே கலைத்துவிடும். பிறகு வந்த 1.1 பதிப்பில் சரிசெய்தார்கள். உங்களிடம் இருப்பது எந்த அச்சு என்று தெரியாவிட்டால் ஸ்கெட்சைத் தொடவே வேண்டாம். ‘ஃபேக் மஸ்டாஷ்’ அணிகலனை ரெல்முக்கு மாட்டினால் அந்தக் கட்டளை ‘கன்ட்ரோல்’ ஆக மாறிவிடும், ஆபத்தும் இல்லை.

அணைத்துவிட்டு மறுநாள் போட்டால் வெறுமையாக இருக்கிறது என்றால் பேட்டரிதான். 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் (இந்தக் கேசட் திருகுகளுக்கான தனி வடிவ) முனையால் முன்பக்கத்து இரண்டு திருகுகளைக் கழற்றுங்கள். உள்ளே பலகையில் சிஆர்2032 வட்ட பேட்டரி இருக்கும். மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்: 3 வோல்ட் காட்டினால் நல்லது, 2.5-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றுங்கள். பேட்டரியை எடுத்த கணமே மிச்சமுள்ள சேமிப்பும் அழியும். அது வேண்டுமென்றால், கேசட்டைக் கணினியில் படிக்கும் கருவியால் முன்பே நகல் எடுத்துவிடுங்கள்.

புதிய பேட்டரி வாங்கும்போது உலோகப் பட்டைகள் ஒட்டியதையே கேளுங்கள். வெறும் பேட்டரியின் மேல் நேரடியாக ஈயம் வைத்தால் சூட்டில் அது வீங்கிக் கசியும், வெடிக்கவும் கூடும். பழையதை முறுக்கிப் பிடுங்காதீர்கள்; பலகையின் செம்புத் தடம் உரிந்து வந்துவிடும். ஒவ்வொரு காலாகச் சூடாக்கி, ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுத் தூக்குங்கள். பலகையில் அச்சிட்ட கூட்டல், கழித்தல் குறிகளைப் பார்த்துப் புதியதைப் பொருத்துங்கள். சால்டரிங் முனை ஒரு காலில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் இருக்கக் கூடாது. முடித்த பிறகு ஒரு சேமிப்பு போட்டு, இயந்திரத்தை அணைத்து, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். அடுத்த நிமிடமே பார்ப்பது சோதனை ஆகாது.

கேள்வி: அமெரிக்க இயந்திரத்தை நம் மின்சாரத்தில் போடலாமா? ஜப்பான் கேசட் அதில் ஓடுமா?

பதில்: அப்படியே செருகாதீர்கள். அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கு உரியது, 230-இல் எரிந்துவிடும். 230-ஐ 110 ஆக்கும் 50 வாட் டிரான்ஸ்ஃபார்மர் தாராளம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆனாலும் ஆட்டத்தின் வேகம் மாறாது, அந்த வேகத்தை இயந்திரத்தின் உள்ளிருக்கும் படிகமே தீர்மானிக்கிறது.

ஜப்பான் கேசட்டைத் தடுப்பது பிளாஸ்டிக் மட்டுமே; வேற்றுப் பகுதிக் கேசட்டை மறுக்கும் பூட்டுச் சில்லு இரு நாட்டுக்கும் ஒன்று. கேசட் செருகும் இடத்தின் உள்ளே இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் முனைகளை வெட்டிவிட்டால் போதும். ஐரோப்பியக் கேசட்டுக்கு இது பலிக்காது. அதன் சில்லு வேறு.

கேள்வி: பத்தாம் பாகத்தின் எந்தப் பதிப்பை வாங்குவது?

பதில்: பிளேஸ்டேஷன் 2-இல் அமெரிக்காவுக்கு 2001 டிசம்பரில் வந்ததில் கூடுதல் எதிரிகள் இல்லை. ஐரோப்பாவுக்கு 2002 மே மாதம் வந்ததில், ஜப்பானின் ‘இன்டர்நேஷனல்’ பதிப்பில் சேர்த்த டார்க் ஈயான்கள் என்ற கூடுதல் எதிரிகளும், பாத்திரங்களின் திறனை வளர்க்கும் ஸ்பியர் கிரிட்டின் மேம்பட்ட வடிவமும் உண்டு. ஆனால் அது ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கான 50 ஹெர்ட்ஸ் படம். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். இன்று வாங்குகிறவர் எச்டி ரீமாஸ்டரை எடுத்தால் பட்டை இல்லாமல் அதே கூடுதல்கள் கிடைக்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: இந்தப் பதிப்புகளில் பின்னால் பெசைட் ஊருக்குத் திரும்பினால் வாசலிலேயே டார்க் வேலஃபோர் நிற்கும், மெக்கலேனியா கோயிலிலும் டார்க் ஷிவா வழிமறிக்கும். அனிமா என்ற, துணைக்கு அழைக்கும் உயிரைப் பெற ஆறு கோயில்களின் டிஸ்ட்ரக்ஷன் ஸ்பியர் புதையல்களும் வேண்டும். ஆகையால் அந்த இரண்டு கோயில்களின் புதையலையும் முதல் வருகையிலேயே எடுத்துவிடுங்கள்.