டிப்ஸ் எவ்வளவு என்று மனைவிக்குத் தெரியுமா?

கேள்வி: கேசினோ ஒன்றில் பல வருடங்களாகப் போக்கர் மேசையில் சீட்டுப் போடும் டீலராக இருக்கிறேன். எங்கள் வருமானத்தில் டிப்ஸ்தான் பெரிய பங்கு. வாடிக்கையாக வரும் ஒருவர் பெரிய தொகையாக ஜெயிப்பார். டிப்ஸாக ஒரு சிப், அதாவது பணத்துக்குப் பதிலாக மேசையில் வைக்கிற வில்லை, எடுத்து வைக்க மாட்டார். இப்போது அவரைப் பார்த்தாலே எரிச்சல். அவர் ஜெயித்த சிப்புகளைப் பாதி தூரம் தள்ளிவிட்டு விட்டுவிடுகிறேன், எட்டி எடுத்துக்கொள்ளட்டும் என்று. அவர் இருக்கும் மேசையில் ஆட்டத்தையும் மெதுவாகத்தான் ஓட்டுகிறேன். ஃப்ளோர் சூப்பர்வைசர் கூப்பிட்டுத் திட்டினார். வீட்டில் சொல்லி ஆறுதல் தேடவும் வழியில்லை. டிப்ஸ் எவ்வளவு வருகிறதென்று மனைவிக்குத் தெரியாது; நிலையில்லாத பணம் என்பதால் சொல்லாமலே இருந்துவிட்டேன். போன மாதம் மகளின் பள்ளிக் கட்டணத்தைக்கூட அவள் அண்ணனிடம் கைமாற்று வாங்கித்தான் கட்டினாள். உழைப்பை மதிக்காத இப்படிப்பட்டவர்களை எப்படிச் சமாளிப்பது?

பதில்: தம்பி, அந்த ஆளின் கதையை முதலில் முடித்துவிடுவோம். டிப்ஸ் என்பது அவர் உங்களுக்குப் பட்ட கடன் இல்லை. போக்கரில் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள்தான் மோதிக்கொள்கிறார்கள். கேசினோ ரேக் என்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் உட்காரும் நேரத்துக்குக் காசு வாங்கும். அவர் தர வேண்டியதைத் தந்துவிட்டார். அதற்கு மேல் டீலருக்கு ஒரு சிப் வைப்பது நல்ல வழக்கம்தான். நானாக இருந்தால் வைப்பேன். ஆனால் அது அவரவர் இஷ்டம். ஆஸ்திரேலிய கேசினோக்களில் டீலர் டிப்ஸ் வாங்கவே கூடாது. அங்கேயும் சீட்டு ஒழுங்காகத்தான் விழுகிறது.

மெதுவாக ஓட்டுகிறேன் என்கிறீர்களே, அதில் யாருக்கு நஷ்டம்? மேசையில் ஒன்பது பேர். மணிக்கு முப்பது கை, அதாவது முப்பது ஆட்டம், போட வேண்டிய இடத்தில் இருபது போட்டால், டிப்ஸ் வைக்கிற எட்டுப் பேரும் சேர்ந்து தண்டனை அனுபவிக்கிறார்கள். உங்கள் டிப்ஸ் பெட்டியில் விழுவதும் குறைகிறது. அரை மணிக்கொரு தரம் வேறு மேசைக்கு மாறுகிற வேலையில் அந்த மனிதரைப் பொறுத்துக்கொள்ள முடியாதா? இன்று சிப்பைப் பாதி தூரம் தள்ளுகிற கை, நாளைக்கு அவர் மல்லாத்தி வைத்த சீட்டை ஒழுங்காகப் படிக்காமல் விட்டுவிடும். சூப்பர்வைசர் திட்டியது போதாது.

சரி, அது கிடக்கட்டும். கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். டிப்ஸ் எவ்வளவென்று மனைவிக்குத் தெரியாதாம்.

உங்கள் வேலையில் டிப்ஸ் வந்தால் என்ன செய்கிறீர்கள்? அப்படியே பெட்டியில் போட முடியுமா? கேமராவுக்கும் மேசைக்கும் தெரிய, அந்த சிப்பை ‘டொக்’கென்று ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போடுவீர்கள். மேசையை விட்டு எழும்போது இரண்டு கையையும் விரித்து, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் நகர்வீர்கள். கேமரா அறையில் உட்கார்ந்திருக்கிற, முகம் தெரியாத ஒருவன் பார்க்க இத்தனை. உங்களோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு ஒன்றும் கிடையாது!

நிலையில்லாத பணமாம். அந்த வாடிக்கையாளர் என்ன ஜெயித்தார், உங்களுக்கு என்ன வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் கணக்குப் போட்டு மனதில் வைத்திருக்கிறீர்கள். அந்தக் கணக்குப் புத்தி வீட்டு வாசலில் எங்கே போயிற்று? உங்கள் மனைவி அண்ணன் வீட்டுக்குப் போய், அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அந்தப் பணத்தைக் கேட்டிருப்பாள். பிறந்த வீட்டில் பணம் கேட்டு நின்ற பெண்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும். அன்றைக்கு உங்களிடம் டிப்ஸ் பணம் எவ்வளவு இருந்தது? அதை மட்டும் கடிதத்தில் காணோம்.

இந்த விஷயத்தில் நான் பழைய காலத்து ஆள். புருஷன் பெண்டாட்டி யார் சம்பாதித்தாலும், வருவது இரண்டு பேருக்கும் தெரிய வேண்டும். உங்கள் கைச்செலவுக்கு வேண்டுமா, சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஏறி இறங்கும் பணம் என்றால், ஏறி இறங்கும் என்று சொல்லுங்கள். சம்பளத்தை வைத்துக் குடும்பம் நடத்திக் காட்டியவளுக்கு அது புரியாதா?

தினமும் வந்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள். அவள் கண்ணில் படுகிற இடத்தில் அந்த நோட்டு இருக்கட்டும். மிகக் குறைவாக வந்த மாதம் எதுவோ, அந்தத் தொகையை மட்டும் நம்பி மாதச் செலவைப் போடுங்கள். அதற்கு மேல் வருவது முதலில் மைத்துனரின் கைமாற்றுக்கு. அதை அவள் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள், வாங்கியது அவள்தானே.

விஷயம் தெரிந்ததும் கோபப்படுவாள். இத்தனை வருஷம் மறைத்ததற்குக் கொஞ்சம் அதிகமாகவே கோபப்படுவாள். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். சூப்பர்வைசர் திட்டும்போது அப்படித்தானே நின்றிருப்பீர்கள்?